ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பற்றி அப்பாவுக்கு

லிம்பர்க், நெதர்லாந்து

அன்புள்ள அப்பாவுக்கு, கர்த்தருக்குள் வணக்கம். நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நேற்று சமையலறையில் நான், அவர், தொட்டிலில் குழந்தை, காபிக்கு வந்த கால்பந்துப் பயிற்சியாளர் ஹூப் ஆகியோர் இருந்தோம். நான் வைத்த ஒரு பிஸ்கட் போதாமல் இரண்டாவதையும் ஹூப் தானே எடுத்துக்கொண்டார். முதல் கோல்கீப்பருக்கு விரல் முறிந்துவிட்டதாம். "நாலு வருஷமா பெஞ்சைத் தேய்ச்சது போதும், வெசல். வர்ற ஞாயிறு நீதான் நிக்கிற. மாட்டேன்னா வேற ஆளைப் பிடிச்சுக்கறோம், நீ ஊருக்குப் போய் மீன் பிடி" என்றார் அவரிடம் சிரித்துக்கொண்டே.

ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்காரலாம், விளையாடக் கூடாது என்று எங்கள் திருமணத்தின்போது நீங்கள் அவரிடம் வாக்கு வாங்கினீர்கள். இங்கே ஆட்டம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். அவருக்கு வயது முப்பத்தொன்றாகிவிட்டது. இனி இப்படி ஒரு அழைப்பு வராது.

"உங்கப்பாகிட்ட கேக்காத, மரத்யே. வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்" என்கிறார். பிறகு பின்தோட்டத்துச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடிக்கிறார். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

நம் ஊரில் ஆலயத்துக்குப் போகும்போது நான் அணியும் கறுப்புத் தொப்பியை அனுப்பி வையுங்கள். இந்த ஊர் ஆலயத்தில் தொப்பி அணிகிறவள் நான் ஒருத்திதான், ஆனாலும் வேண்டும்.

அவரை அந்த வாக்கிலிருந்து விடுவிப்பீர்களா? எதுவானாலும் சனிக்கிழமைக்குள் கிடைக்கும்படி பதில் எழுதுங்கள்.

உங்கள் மகள்,
மரத்யே