மடி கேட்டு வந்தவர்கள்

அன்பு மகள் கினந்திக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், மாத்திரையையும் மறப்பதில்லை. ஹோபார்ட்டில் குளிர் எலும்பு வரைக்கும் இறங்குகிறது என்றாயே, நீயும் டங்கனும் சௌக்கியம்தானா? போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குப் பேனாவை எடுத்தார் என்று நினைப்பாய். போனில் கேட்டால் நீ யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவாய், உனக்கு எப்போதும் பஸ் வந்துகொண்டே இருக்கும். இது யோசித்துச் சொல்ல வேண்டிய விஷயம்.

முதலில் கல்யாண மண்டபத்துச் சங்கதி. நீ சொன்னபடியே விரோகுசுமா மாளிகை மண்டபத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன். கல்யாண மாதமான பெசாரில் ஒரு சனிக்கிழமை என்றால் சும்மாவா, அடுத்தது சுரோ மாதம், ஒருத்தரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள், அதனால் நம் ஊர் சோலோவில் நாலு தூண் நிற்கிற இடமெல்லாம் வெகு முன்னாலேயே போய்விடும். புறவழிச்சாலையில் புதிதாக வந்த ஏசி அரங்கத்தைப் பிடிக்கச் சொல்லி எல்லோரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். அங்கே குளிரில் இறால் அப்பளம் நமுத்துப்போகிறது, கமெலான் வாத்தியம் வாசித்தால் சத்தம் சுவரில் முட்டிக்கொண்டு திரும்பி வருகிறது, அதில் என் பெண்ணுக்குக் கல்யாணமா என்று நான்தான் பிடிவாதமாக இந்த மண்டபத்தைப் பிடித்தேன். சுவரே இல்லாத இடம், நாலு பக்கமும் காற்று, தெருவில் போகிறவன்கூட நின்று மணப்பெண்ணைப் பார்க்கலாம். அதற்குள் நீ, "இங்கயே சின்னதா சர்ச்சுல முடிச்சுக்கறோம்ப்பா, பத்துப் பேர்தான், நீங்க போன்ல பாருங்க" என்று சொல்லிவிட்டாய். காலில் ரத்தம் கட்டினதிலிருந்து அவ்வளவு தூரம் விமானத்தில் உட்காரக் கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ஆகவே போனில்தான் பார்க்க வேண்டும், பார்க்கிறேன்.

இன்னொன்று கேட்டால் சிரிப்பாய். உங்கள் இருவருடைய பிறந்த கிழமையையும் நம் ஐந்து நாள் சந்தை வாரத்தில் வருகிற நாளையும் கூட்டித்தானே அந்தச் சனிக்கிழமையைக் குறித்தேன்? டங்கன் பிறந்தது புதன்கிழமை, சந்தை நாளில் ‘போன்’ என்று வைத்துக்கொண்டேன். போன வாரம் அவன் அம்மா வாழ்த்து அனுப்பினபோது, பிள்ளை பிறந்தது இருட்டின பிறகு, அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு தட்டோடு ஆறிப்போனது என்று எழுதியிருந்தார்கள். நமக்குத்தான் பொழுது சாய்ந்தால் அடுத்த நாள் ஆயிற்றே, அப்படியானால் பையன் வியாழன், சந்தை நாளில் ‘வகே’. என் கணக்கு முழுக்கத் தப்பு, நான் தேடித்தேடி எடுத்த நாள் உங்களுக்கு ஆகாத நாள்! வெள்ளைக்காரப் பிள்ளையிடம் எந்த நேரத்தில் பிறந்தாய் என்று கேட்கத் தோன்றாமல் போயிற்று பார். நல்ல நாளை விட்டுக்கொடுத்தோமே என்று அடித்துக்கொண்ட மனசுக்கு அது கொஞ்சம் ஆறுதல், ஒருநாள் தூங்கினேன்.

வீட்டில் பொழுது போவதில்லை மகளே. அம்மா போனபிறகு நீ இருந்தாய், நீ போனபிறகு ரேடியோ இருக்கிறது. சாயங்காலமானால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன், பழைய கோட்டையில் புத்தகச் சந்தை என்றால் அங்கே, அரண்மனை மண்டபத்தில் நடன ஒத்திகை என்றால் அங்கே, பழைய பாங்கிக் கட்டடத்தில் ஓவியம் மாட்டியிருந்தால் புரிகிற மாதிரி தலையாட்டிக்கொண்டு அங்கே. கல்யாணப் பத்திரிகை வந்தால் ஒன்றையும் விடுவதில்லை. உட்கார்ந்த இடத்துக்குத் தேநீர் வருகிறது, சூப் வருகிறது, சோறு வருகிறது, பக்கத்து நாற்காலிக்காரரோடு பேச்சு அப்போதுதான் சூடு பிடிக்கும், உடனே ஐஸ் வந்துவிடும். ஐஸ் வந்தால் எழுந்திரு என்று அர்த்தம். அதை மட்டும் நான் மெதுவாகத்தான் சாப்பிடுகிறேன், தட்டு எடுக்கிற பிள்ளைகளுக்கு என்மேல் எரிச்சல்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். மண்டபத்தில் முன்பதிவு பார்க்கிற நம் எதிர்வீட்டு அம்மா பு ராத்மியை உனக்குத் தெரியும், வாய் சும்மா இருக்காது. நம் கல்யாணங்களில் மேடையில் பெண்ணின் அப்பா மடியில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆளுக்கொரு பக்கம் உட்காரவைத்து, எது கனம் என்று அம்மா கேட்க, இரண்டும் சமம் என்று அப்பா சொல்வாரே, அதற்காக நான் இரண்டு மாதமாக முழங்காலுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மாவுக்குப் பதிலாகக் கேள்வி கேட்க, கிளாத்தன் ஊர் அத்தையைக்கூடச் சொல்லிவைத்திருந்தேன். டங்கனின் உடம்பைப் பார்த்தால் எனக்குப் பயம், அதனால் தினமும் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் பக்கத்துக்கு ஒரு அரிசி மூட்டையை வைத்துப் பார்த்தேன். அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு பு ராத்மி, "என்ன பாக் விர்யா, அரிசிக்குத் தாலாட்டா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

நாம் விட்ட அந்தச் சனிக்கிழமை விந்தார்தி என்கிற பெண்ணுக்குப் போயிருக்கிறது, பல் மருத்துவமனையில் நர்ஸ். அவர்களுக்குக் கணக்குப்படி நாளும் பொருந்திவிட்டது. அப்பா இல்லாத பெண், இருக்கிற ஒரே மாமாவும் முதுகு பிசகிப் படுக்கையில் இருக்கிறார். பு ராத்மிதான், "பயிற்சி எடுத்த மடி ஒண்ணு எங்க தெருவுல சும்மா கெடக்கு, போய்க் கேளுங்க" என்று அனுப்பிவைத்திருக்கிறார். போன ஞாயிறு பூசை முடிந்து வந்தால் தாயும் மகளும் கேக் பெட்டியோடு வாசலில் நிற்கிறார்கள். அந்தப் பெண், "நான் கனமே இல்ல பாக் விர்யா, அவருதான் கொஞ்சம் தடி, ஒரு நிமிஷம் தாங்கிட்டீங்கன்னா போதும்" என்றது. அதன் அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, கேள்வி கேட்க அங்கே ஒரு அம்மா இருக்கிறாள், பதில் சொல்ல ஆள் இல்லை, நம் வீட்டில் பதிலை வைத்துக்கொண்டு நான் இருக்கிறேன். ஆனாலும் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. அதே மண்டபம், அதே நாள், அதே மேடை. என் மகளைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். மகளிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குப் புரியவில்லை, கேக்கை மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். பாதி இன்னும் இருக்கிறது, தனியாளுக்கு அவ்வளவு கேக் எதற்கு?

அப்பா இல்லாத பெண்ணிடம் மாட்டேன் என்று சொன்னால் பாவம். நல்ல பெண், சிரித்தால் கன்னம் குழிகிறது. நீ சரி என்று எழுதினால் போய் உட்காருவேன், குறை வைக்கமாட்டேன், சமம் என்று கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன்.

உன் கல்யாணத்தன்று ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டாலும் பரவாயில்லை, சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். டங்கனிடம் அவன் வியாழன் வகே என்று சொல்லிவை, அவன் தெரிந்துகொள்ளட்டும். மேலே இருந்து அம்மாவும் கீழே இருந்து நானும் உங்கள் இருவரையும் ஆசீர்வதிக்கிறோம், ஒருவர் கையை ஒருவர் விடாமல் நெடுங்காலம் வாழுங்கள். பதிலைப் போனில் சொல்லாதே, எழுதியே அனுப்பு, அதுவரை அவர்கள் காத்திருப்பார்கள். எழுதும்போது அவசரப்பட்டு நல்ல பிள்ளையாக "செய்யுங்கப்பா" என்று எழுதிவிடாதே. "அதெல்லாம் முடியாது, அது என் இடம்" என்று நீ ஒரே ஒரு வரி சண்டை போட்டு எழுதினால் போதும், இந்தக் கிழவன் அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்வான்.

இப்படிக்கு
உன் அப்பா
விர்யாத்மோ