பக்தி நூல்கள் வாசித்தீர்களாம், மச்சாள்

சிரிக்கும்போது வாயைப் பொத்தத் தெரியாத என் புவனா மச்சாளுக்கு,

நேற்று நீங்கள் எங்களை விட்டுப் போய் முப்பத்தோராம் நாள். நினைவு மலர் அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் உங்கள் படம். ஏழாம் பக்கத்தில் என் பெயர் போட்ட ஒரு கட்டுரை. பெயர் மட்டும்தான் என்னுடையது.

நான் எழுதிக் கொடுத்தது இது: "மச்சாளுக்குக் காதல் கதை என்றால் உயிர். முதல் பக்கத்தில் சண்டை பிடித்துக் கடைசிப் பக்கத்தில் கலியாணம் முடிக்கிற கதைகளை, சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வாசிப்பார். சோறு அடிப்பிடிக்கும்." அச்சில் வந்திருப்பது இது: "அன்னார் ஓய்வு நேரங்களில் பக்தி நூல்களை வாசித்து மன அமைதி பெற்றார்."

அன்னாராம். ஓய்வு நேரங்களாம். நீங்கள் வாசித்த பக்தி நூலின் பெயர் ஒன்றை யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

பெரியண்ணனுக்கு உடனே போன் எடுத்தேன். மலரைத் தயாரித்தது அவர்தானே. அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர், திருத்தாமல் விடுவாரா?

"செத்த வீட்டுப் புத்தகத்தில அதையெல்லாம் போடேலாது, ஜெயந்தி. நாலு பேர் பார்க்கிறது."

"மச்சாள் பக்திப் புத்தகம் திறந்ததை நீங்க எப்பயாவது கண்டீங்களா, அண்ணன்?"

"காணல்ல. அதுக்காக? சுனாமியில புருஷனையும் பிள்ளையையும் குடுத்த பொம்பிள, காதல் கதை வாசிச்சு இளிச்சுக்கொண்டு இருந்தவ எண்டு எழுதுறதா? அவட மரியாதைக்காகத்தான் நான் மாத்தினன்."

உங்கள் மரியாதைக்காகவாம், மச்சாள். நான் போனை வைத்துவிட்டேன். அவர் மேல் வந்த கோபம் பாதிதான். மீதிக் கோபம் யார் மேல் என்று உங்களுக்குத் தெரியும். அதை நாலு பேர் பார்க்கவே எழுதுகிறேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள் காலையில் நாவலடிக்குக் கடல் வந்தபோது நீங்கள் மூத்தவள் சுதாவின் கையைப் பிடித்திருந்தீர்கள். உங்கள் புருஷன், என் சின்னண்ணன், சின்னவளைத் தூக்கி வைத்திருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். சுதாவும் நீங்களும் வாவிக் கரையில் ஒரு கண்டல் புதரில் மாட்டிக் கிடந்தீர்கள். என் அண்ணனும் பிள்ளையும் கிடைக்கவே இல்லை.

டவுன் பள்ளிக்கூடத்தில், எட்டாம் வகுப்பு அறையில், பதினொரு குடும்பங்களோடு உங்களை இருக்க வைத்தார்கள். நீங்கள் பேசவில்லை. மனசை ஆற்றுவதற்கென்று ஆட்கள் வந்தார்கள். கலர்ப் பென்சில் தந்து கடலை வரையச் சொன்னார்கள். நீங்கள் பென்சிலைச் சுதாவிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தீர்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. களுவாஞ்சிக்குடியில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறவள் அல்லவா? துயரத்தைப் பற்றிய நல்ல கவிதைப் புத்தகம் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து தந்தேன். இலக்கியம் ஆற்றும் என்று நம்பினேன். இரண்டு நாள் கழித்து அதைத் திருப்பித் தந்தீர்கள். கடல் வந்தபின் என்னிடம் நீங்கள் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இதில இருக்கிறதெல்லாம் எனக்குத் தெரியும், புள்ள. தெரியாததொண்டைக் கொண்டு வா."

"என்ன மாதிரி மச்சாள்?"

"ஆரும் சாகாத கதை. சும்மா சண்டை பிடிச்சு, மறுகா கலியாணம் முடிக்கிற கதை."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆசிரியர் அறையில் ஏறாவூர் றிஸ்வானா ரீச்சரிடம் அதை ஒரு குறையாகத்தான் சொன்னேன். அடுத்த நாள் துணிப்பை ஒன்றில் ஐந்து கதைப் புத்தகங்களைக் கொண்டுவந்து என் மேசைக்குக் கீழே வைத்தார்.

"இதக் குடுங்க ரீச்சர். மூணாவது புத்தகத்துல மட்டும் ஒரு மவுத்து இரிக்கி. அந்த நாலு பக்கத்தையும் சேத்துக் கிளிப் போட்டு வெச்சிரிக்கன். தாண்டி வாசிக்கச் சொல்லுங்க, கதை வெளங்கும்."

ஊரெல்லாம் உங்களை அழ வைக்க வந்துகொண்டிருந்தது. நீங்கள் அழக்கூடாதென்று சாவு வருகிற பக்கங்களைத் தேடிக் கிளிப் போட்டவர் உங்களைக் கண்டிராத ஒரு மனுஷி.

பிறகு அந்த நாள். மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட விறாந்தையில் வருகிறேன். உங்கள் சிரிப்புக் கேட்டது. சத்தம் போட்டு, மூச்சு வாங்க. கதையில், சமைக்கத் தெரியாத ஒருத்தி சமையல்காரி என்று பொய் சொல்லிப் பெரிய வீடொன்றில் வேலைக்குச் சேர்ந்து, ரசத்தில் உப்புக்குப் பதிலாகச் சீனியைப் போடுகிற இடம். என் தலைக்குள் என்னவோ வெடித்தது. பாத்திரத்தை நிலத்தில் வைத்துவிட்டுப் புத்தகத்தைப் பறித்தேன்.

"அண்ணன் போய் ரெண்டு மாசமாகல்ல. உங்களுக்குச் சிரிப்பு வருதா?"

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

"உன்ட அண்ணன் என்ட புருஷன், ஜெயந்தி. கண்ணை மூடினா தண்ணி வருது. திறந்தா இந்த வகுப்பு. அந்தக் கதை நடக்கிறது கடல் இல்லாத ஊர்ல. அங்க கொஞ்ச நேரம் இருந்திட்டு வாறன். அதுக்கும் உன்னட்டக் கேக்கணுமா?"

நான் புத்தகத்தோடு வீட்டுக்குப் போனேன். அதில் என்ன குப்பை இருக்கிறது என்று பார்க்கத்தான் வாசித்தேன். அடுத்த நாள் திருப்பித் தந்தபோது, "எனக்குச் சிரிப்பு வரல்ல" என்று சொன்னேன். பொய். ரசத்தில் சிரித்தேன். பிறகு அந்த வீட்டுக் கிழவர் ரசத்தைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்கிற இடத்தில் என் அண்ணனை நினைத்து, கடல் வந்ததற்குப் பிறகு முதன்முதலாக, வாய்விட்டு அழுதேன். ஏன் அந்த இடத்தில்? இன்றைக்கும் தெரியாது. உங்களிடம் சொல்லியிருக்கலாம்தானே? சொல்லவில்லை. படித்தவள் என்ற எடுப்பு.

றிஸ்வானா ரீச்சரின் பை நிற்கவில்லை. நீங்கள் முகாமின் தறப்பாள் கொட்டிலுக்குப் போனபோதும் வந்தது, திராய்மடுவில் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு வந்தபோதும் வந்தது. நாட்டில் சண்டை திரும்பவும் தொடங்கி, பஸ்ஸை மறித்து இறக்கி எங்கள் பைகளைக் கிண்டிப் பார்த்த நாட்களிலும் வந்தது. நான் சுமந்தேன். ஆனால் அட்டை வெளியில் தெரியாமல் எப்போதும் பேப்பர் சுற்றித்தான் சுமந்தேன்.

பிறகு சண்டை முடிந்தது என்றார்கள். உங்கள் தம்பி மோகன் வன்னிக்கு லொறி ஓடப் போனவன், திரும்பி வரவில்லை. காணாமல் போனவர்களைப் பதிகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு அரசாங்கக் கந்தோர் வாசலில் போய் நின்றோம். வெயில். எங்களுக்கு முன்னால் நூறு பெண்களாவது இருப்பார்கள். நீங்கள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தீர்கள். மோகனின் படம் உங்கள் கைப்பைக்குள் பத்திரமாக இருந்தது.

கமராவோடு ஒருவன் வந்தான். கூட வந்தவன் தமிழில் சொன்னான்.

"அம்மா, அந்தப் புத்தகத்தை வைச்சிட்டுத் தம்பிட படத்தைக் கையில பிடிங்க. ஒரு படம் எடுக்கணும்."

"நான் வாசிக்கிறனே," என்றீர்கள். "இப்பிடியே எடுங்க."

"இப்பிடி எடுத்தா விளங்காதும்மா."

அவன் என்னைப் பார்த்தான். படித்தவள் மாதிரித் தெரிந்திருப்பேன். நான் குனிந்து உங்கள் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்து என் பைக்குள் வைத்தேன். நான்தான், மச்சாள். அவனல்ல. உங்கள் கைப்பையைத் திறந்து மோகனின் படத்தை எடுத்து உங்கள் கையில் கொடுத்ததும் நான்தான். கமராக்காரன் படம் எடுத்தான்.

அந்தப் படம் எங்கெங்கோ போனது. இப்போது உங்கள் நினைவு மலரின் அட்டையிலும் அதுதான். "என்ன சோகமான முகம்" என்கிறார்கள். அது சோகமில்லை என்று எனக்கும் உங்களுக்கும் தெரியும். அது கோபம். திரும்பி வரும்போது பஸ் கல்லடிப் பாலத்தைத் தாண்டியது. பிறகு யன்னலைப் பார்த்தபடி சொன்னீர்கள்.

"அவன் கேட்டான். அவன் ஆரோ. நீ ஏன் புத்தகத்தை எடுத்த?"

அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. அடுத்த கிழமை சொல்லலாம், பொங்கலுக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? நெஞ்சு நோவை வாய்வு என்று சொல்லி மூன்று நாள் பொறுத்தீர்கள். சுதாவுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். யாரிடம் மன்னிப்புக் கேட்பது இப்போது?

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். படையலில் நீங்கள் விரும்பிச் சாப்பிடுகிற எல்லாம் வைத்தார்கள். பாற்சோறு, இறால் இல்லாத சொதி, வாழைப்பழம். நான் உங்கள் தலையணைக்குக் கீழே இருந்த புத்தகத்தைக் கொண்டுபோய் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். அட்டையில் ஒரு பெட்டை ஸ்கூட்டரில் சிரித்துக்கொண்டு போகிறாள். பெரியண்ணன் அதை இரண்டு விரலால் தூக்கிக் கதிரைக்குக் கீழே போட்டார். செத்த எலியைத் தூக்குகிற மாதிரி.

நான் மலரை உயர்த்திப் பிடித்துச் சத்தம் போட்டேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

"இந்தப் படம் எடுக்கிற நேரம் மச்சாள்ர கையில கதைப் புத்தகம் இருந்தது. அதை மடியில இருந்து எடுத்தது நான். ஏழாம் பக்கத்தில இருக்கிறது பொய். அவ ஒரு நாளும் பக்திப் புத்தகம் வாசிக்கல்ல!"

"ஜெயந்தி, போதும். ஆக்கள் இருக்காங்க," என்றார் பெரியண்ணன்.

சுதா உங்கள் படத்துக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். அப்போது பின்னாலிருந்து மேரி அக்கா எழும்பினா. எட்டாம் வகுப்பு அறையில் உங்களுக்குப் பக்கத்துப் பாயில் கிடந்தவ. மூன்று பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவ.

"சேர், எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியா," என்றா. "புவனாதான் எனக்கு வாசிச்சுக் காட்டினவ. பின்னேரத்தில. நல்ல இடமாப் பார்த்து நிப்பாட்டிப் போடுவா. மிச்சம் நாளைக்கு எண்டு சொல்லுவா. நான் எத்தனையோ நாள் அந்தப் பள்ளிக்கூடத்துக் கிணத்தடியில போய் நிண்டிருக்கன் சேர். அந்தப் பெட்டைக்கும் பெடியனுக்கும் என்ன நடந்ததெண்டு தெரியாமப் போகேலாது எண்டு திரும்பி வந்திருக்கன். அது பக்தியா என்னண்டு எனக்குத் தெரியா. நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுங்க."

இது எனக்கும் தெரியாது, மச்சாள். ஆறு வருடம் உங்கள் பையைச் சுமந்தவள், எனக்கே நீங்கள் சொல்லவில்லை.

பெரியண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். குனிந்து புத்தகத்தை எடுக்கவில்லை. வெளியே போய் வேலிக்குப் பக்கத்தில் நின்றார். கதிரைக்குக் கீழிருந்து அதை எடுத்து, தன் சீலைத் தலைப்பால் துடைத்து, இலைக்குப் பக்கத்தில் வைத்தது சுதாதான். சாப்பாடு நடந்தது. என்னோடு பேசாமலே சிலர் போனார்கள். போகட்டும்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். என் வகுப்பறை அலுமாரியில் பதினேழு கதைப் புத்தகங்கள் பூட்டிக் கிடக்கின்றன. பாட நேரத்தில் மட்டுமல்ல, இடைவேளையில் வாசித்த பிள்ளைகளிடமும் நான் பறித்தவை. இருப்பிடம் எரிந்து ஓடி வந்த பிள்ளைகள், அப்பா இல்லாத பிள்ளைகள். "மூளையைக் கெடுக்கிற குப்பை" என்று எல்லார் முன்னாலும் சொல்லிப் பறித்தேன். ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் பெயர் எழுதியிருக்கிறார்கள். திங்கட்கிழமை அலுமாரியைத் திறக்கிறேன். வகுப்பில் இருக்கிறவர்களுக்கு எல்லார் முன்னாலும் திருப்பிக் கொடுப்பேன். படிப்பை விட்டவர்களுக்கும் கலியாணம் முடித்துப் போனவர்களுக்கும் வீடு தேடிப் போய்க் கொடுப்பேன். பேப்பர் சுற்றாமல் கொண்டுபோவேன். "நான் செய்தது பிழை, பிள்ளை" என்று ஒவ்வொருத்தியிடமும் வாயால் சொல்லுவேன். உங்களிடம் சொல்லாமல் விட்டதை, பதினேழு தரம்.

இப்படிக்கு,
உங்கள் புருஷனின் தங்கச்சி,
உங்கள் மச்சாள்
ஜெயந்தி