அடுப்படிக் கதவில் நீ போட்ட ஓட்டை

தங்கச்சிமடம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் லிண்டாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அய்யாவும் நல்ல சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் கேட்டுக்கொள்கிறேன். சுகமில்லாமல் கிடப்பது நம் வீட்டு அடுப்படிக் கதவு ஒன்றுதான். போனில் திட்டினால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால் லீவு முடிந்து அயர்லாந்து திரும்புகிற உன் சிநேகிதி ஆன்சி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படி.

ஏம்மா, என் வீட்டுக் கதவில் ஓட்டை போட உனக்கு யார் உத்தரவு கொடுத்தது? நீ வீடியோவில் வரும்போதெல்லாம் நம் செவலைப் பூனை கொல்லையில் நின்று அடுப்படிக் கதவைச் சுரண்டும், நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய்த் திறப்பேன், அதைப் பார்க்க உனக்கு மனசு கேட்கவில்லை, சரி. அதற்காக ஆன்லைனில் பூனைக்கதவு என்று ஒரு பிளாஸ்டிக் சாமானை வாங்கி அனுப்பி, தச்சு வேலை பார்க்கிற முனியசாமிக்கு நீயே போன் போட்டு, நான் அன்பியச் செபக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து அறுக்கச் சொல்லியிருக்கிறாய். உன் அய்யா தடுத்தாரா என்றால், கதவை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நல்ல மீன்பாடு கிடைத்த வருஷத்தில் அவரே ஆசையாக வாங்கிப் போட்ட வேங்கைக் கதவு! கேட்டால், "புள்ள ஆசையா அனுப்பிருக்கு, நீ ஏன் குதிக்கிற" என்கிறார்.

அந்த ஊரில் பூனைக்குத் தனி வாசல் வைப்பார்களாம். வைக்கட்டும். அங்கே அது டப்பாத் தீனியைத் தின்றுவிட்டுப் போகும். மீன் பிடிக்கிற வீட்டில் அடுப்படிக்குக் கதவு போடுவதே பூனை வரக்கூடாது என்றுதானே? நான் திறந்துவிட்டாலும் மீன் தலையைப் போட்டுப் பக்கத்திலேயே நின்று, தின்று முடித்ததும் விரட்டிவிட்டுத் திரும்பச் சாத்துவேன். இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் இதை மறந்துபோனாயே, அதுதான் எனக்கு ஆத்திரம்.

நடந்ததைக் கேள். மண்டபம் ஊரில் இருக்கிற உன் தம்பி பிரடெரிக், போன ஞாயிறு மாமியார் வீட்டாரைச் சாப்பாட்டுக்குக் கூட்டி வந்தான். அய்யா விற்காமல் எடுத்துவந்த பெரிய சீலா மீனைத் துண்டு போட்டு, மசாலா தடவி வைத்து, ஓட்டை ஞாபகமே இல்லாமல் வழக்கம்போலக் கதவைச் சாத்திவிட்டுப் பூசைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் செவலை மட்டுமா, கொல்லைப்பக்கம் திரிகிற கடுவன் பூனைகளையும் கூட்டிவந்து விருந்து வைத்திருக்கிறது. தட்டில் மசாலாகூட மிச்சமில்லை. கடலுக்குப் போகிறவர் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை, சம்பந்தி வீட்டாருக்கு ரசமும் அப்பளமும் போட்டேன். சம்பந்தியம்மா கதவைக் குனிந்து பார்த்துவிட்டு, "கரையான் அரிச்சிருச்சா மதினி?" என்று கேட்டாள். என் மகள் அயர்லாந்திலிருந்து செய்து கொடுத்தது என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாளே முனியசாமியை வரச்சொல்லி, ஓட்டைக்குக் குறுக்கே பலகை வைத்து ஆணி அடிக்கச் சொன்னேன். "யக்கா, லிண்டா என்னைய வையுமே" என்றான். "ஏலே, அவ வைதா நான் வாங்கிக்கிறேன், நீ அடி" என்றேன். இந்தத் தடவை உன் அய்யா பலகையை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார், அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை ரசம்தானே.

மீனுக்காக மட்டும் அடைத்தேன் என்று நினைக்காதே. அந்த ஓட்டை இருந்த வரைக்கும் செவலை தானாகப் போகும், தானாக வரும், என் முகத்தைக்கூடப் பார்க்காது. அய்யா கடலுக்குப் போய்விட்டால் இங்கன நாள் முழுக்க என்னைக் கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்? கால் வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் எனக்காக ஒரு சீவன் கதவுகிட்ட காத்து நிற்கிறதே என்று எழுந்து போகிறேன். எனக்கு நல்லது செய்கிறேன் என்று அதையும் நீ பறித்துவிட்டாய்.

நைட் டியூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றில் படுக்காதே. வெளியே போனால் காதை மூடிக்கொள். மாதா உன் கூடவே நின்று காப்பாளாக. ஒன்றை மட்டும் மறக்காதே. பேசிக்கொண்டிருக்கும்போது செவலை சுரண்டி நான் எழுந்தேன் என்றால், "சரிம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடாதே. கதவைத் திறந்துவிட்டு வந்து உட்கார எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரைக்கும் லைனிலேயே இரு.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத உன் அம்மா,
மிக்கேலம்மாள்.