தஃபினா பானை போன இடம்

காசாபிளாங்காவை ஆளும் மகாராணி சோலிக்காவுக்கு, மான்ட்ரியல் பனியில் புதைந்த உன் கணவன் மெசோத் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? எவரும் நம்பாத கதை ஒன்றைச் சொல்வேன் என்று சத்தியம் செய்கிறேன்.

எங்கள் யூத ஜெபக்கூடத்துக்கு இளைஞர்களை இழுக்க, வெள்ளிதோறும் யானை குளிக்கும் பானையில், மறுநாள் ஜெபம் முடிந்து சாப்பிடக் கறியும் கடலையும் போட்டுத் தஃபினா சமைத்தேன். நாலாயிரம் பேர் வந்தார்கள். வாசனையில் நதியின் பனிக்கட்டியே உருகிற்று. அவர்களை அழைத்து வந்த தளபதி உன் அருமைத் தம்பி அம்ராம்.

போன சனிக்கிழமை என் அப்பாவின் நினைவு நாள். முந்தின மாலையே பானையை அம்ராம் தூக்கிப் போனான், கூடத்துக்குத்தான் என்று நம்பினேன். காலையில் கூடத்துக்குப் போய்ப் பார்த்தால், எதிர்வீட்டு மாடியில் இளைஞர்களோடு தனி ஜெபம் நடத்துகிறான். இறந்தவருக்கான கதீஷ் ஜெபம் சொல்லப் பத்து ஆண்கள் வேண்டுமே! ஓடினேன்.

"ஒரே ஒருத்தன அனுப்புடா, மச்சான்."

"பெருசுங்க கொட்டாவிய எத்தன நாள் பாக்குறது, அத்தான்? நீங்க இங்க வந்து சொல்லுங்க. பானையும் இங்கதான் இருக்கு."

எனக்காகக் காத்திருந்த எட்டுக் கிழவர்களை விட்டுவிட்டா? திரும்பிவிட்டேன்.

கொஞ்சம் சீரகம் அனுப்பு. பிள்ளைகளின் குரலைப் பதிந்து அனுப்பு. தம்பியைத் திட்டாதே. தபால் பெட்டியைத் திறக்க ஆள் வந்துவிட்டான், முடிக்கிறேன்.

நாலாயிரம் பேர் பொய், நதி உருகியதும் பொய். அப்பாவுக்குக் கதீஷ் சொல்லாமல் ஒன்பது பேர் வீடு திரும்பியது மட்டும் நிஜம்.