பதக்கமும் உருளைக்கிழங்கும்

அன்பு மகளே,

கண்காட்சியில் உன் வீடியோவைக் கோபத்தோடுதான் பார்க்கப் போனேன். அதில், நீ சட்டையில் குத்திவிட்ட என் போர்ப் பதக்கத்தோடு உருளைக்கிழங்கு சீவுகிறேன். பின்னணியில் சொற்களே இல்லாத நம் தேசிய கீதம். சரயேவோவே சிரிக்கும் என்று நினைத்தேன்.

என் படைப்பிரிவில் இருந்த ஹம்தியாவும் வந்திருந்தான்.

"நாங்க மலை மேல சண்டை போட்டப்பவும் நீ கீழ இப்படித்தான் சீவிக்கிட்டிருந்த. தோலோட பாதிக் கிழங்கும் போச்சு!"

நான் அவனை ஓரமாக இழுத்தேன். "நான் சண்டையே போடலைன்னு உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்டா. உன் சூப்பைக் குடிச்சுட்டுத்தானே மலையேறினோம்? பதக்கத்துக்கு உன் பேரை எழுதிக் கொடுத்ததே நாங்கதான்."

போரில் நான் சமைத்துக்கொண்டுதான் இருந்தேன் என்று முப்பது வருடமாக உன் அம்மாவிடம்கூட நான் வாய் திறந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் படைப்பிரிவு நண்பர்கள் எல்லோரும் சாப்பிட வருகிறார்கள். நீயும் வா. அன்று பதக்கத்தை நானே குத்திக்கொண்டு சூப் வைப்பேன்.

உன் பாபோ