ஜெபமணிக்கு வந்த மருந்து

சங்கரன்கோவில்
4-2-1951

என் அன்பான சங்கரம்மாளுக்கு, பாக்கியத்தாய் எழுதுவது.

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். பனவடலிசத்திரத்தில் உன் அண்ணன் வீட்டில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். எட்டு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறாய். கிழித்துப் போடாமல் வாசி.

நான் இப்போது சபை வேலையில் இருக்கிறேன். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் கரிவலம்வந்தநல்லூரில் மாடத்தி என்று ஒருத்தி, "செஞ்ச பாவம் நெசமாவே போயிருமா அக்கா?" என்று கேட்டாள். போகும் என்றேன். "உங்களுக்குப் போயிட்டா?" என்றாள். தலைவலி என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

என் ஜெபமணி ஜுரத்தில் கிடந்தபோது, மூன்று நாளும் நீதான் அப்போது கரியில் ஓடிய பஸ்ஸின் டிரைவர் அப்துல் மஜீதிடம் பேசித் திருநெல்வேலியிலிருந்து மருந்து வரவழைத்தாய். பிள்ளை பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்த நாலாம் நாள் உன் மாமியார் உன்னையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். "இவ அந்த டிரைவர்கிட்ட நின்னு பேசுனது உம் பிள்ளை மருந்துக்குத்தானா?" என்று கேட்டார்கள். நீ உன் மகள் பகவதியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாய். அவள் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். உனக்குப் பிள்ளை இருக்கிறது, எனக்கு இல்லை என்று பொறாமை வந்தது. "எனக்குத் தெரியாது" என்றேன். அன்றைக்கே பகவதியை வாங்கிக்கொண்டு உன்னை வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

தெரியும், சங்கரம்மா. தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். என்னை மன்னிப்பாயா?

இப்படிக்கு,
பாக்கியத்தாய்


சிவமயம்

பனவடலிசத்திரம்
11-2-1951

பாக்கியத்துக்கு,

கடுதாசி கெடைச்சுது. ரெண்டு தடவை படிச்சேன்.

இந்த எட்டு வருஷமும் உன்மேல நான் குத்தம் சொல்லல. மதினி உன்னைத் திட்டும்போதெல்லாம், "பிள்ளையைப் பறிகொடுத்தவ, என்ன கேட்டாங்கன்னே அவளுக்கு வெளங்கியிருக்காது"ன்னு நான்தான் உனக்காகப் பேசுவேன். புருஷன் இல்லன்னாச்சு, பெத்த பிள்ளையும் இல்லன்னாச்சு. கூடப் படிச்ச ஒருத்தியாவது மனசறிஞ்சு என்னைக் கெடுக்கலன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. அதையும் எடுத்துட்டே.

நான் மருந்துக்குத்தான் போனேன்னு எனக்கே எழுதியிருக்கே. எனக்குத் தெரியாதா அது? தெரியாதவங்க உங்க ஊர்லதான் இருக்காங்க. பகவதியும் அங்கனதான் இருக்கா. என்னைப் பத்தி அவகிட்ட என்ன சொல்லி வளத்திருக்காங்களோ.

சங்கரம்மாள்


சங்கரன்கோவில்
27-2-1951

சங்கரம்மாளுக்கு,

நீ சொன்னது நியாயம். உன் கடிதம் வந்த மறுநாளே உன் மாமியார் வீட்டுக்குப் போனேன்.

உன் வீட்டுக்காரர் நெல்லைநாயகம் அண்ணாச்சியும் உன் மாமியாரும் இருந்தார்கள். அவருடைய இரண்டாம் தாரம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உன் மாமியார், "அன்னைக்கு ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சா?" என்று கத்தினார்கள். அண்ணாச்சி தலையைத் தூக்கவே இல்லை. "இப்ப வந்து சொல்லி என்ன செய்ய? இவளுக்கும் ரெண்டு பிள்ளை ஆயிட்டு" என்றார்.

நடையில் பகவதி நின்றாள். உன் நெற்றி அவளுக்கு. "எங்கம்மா மருந்து வாங்கவா போனா?" என்றாள். "ஆமா மக்கா, எம் பிள்ளைக்கு" என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று சபையார் எல்லாருக்கும் சொன்னேன். பாதிரி ஐயர் என் வேலையை நிறுத்திவிட்டார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. சங்கரம்மா, இத்தனை வருஷமும் ஜெபமணிக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அவன் முகம் வந்தால் கூடவே உன் முகமும் வரும். அழுகை அடைத்துக்கொள்ளும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவன் சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன். கர்த்தர் என்னை விடுதலையாக்கினார் என்று அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அழ முடிகிறது, அவ்வளவுதான்.

உன் இழப்பை என்னால் திருப்பித் தர முடியாது. ஒரு வரி எழுது.

பாக்கியத்தாய்


சிவமயம்

பனவடலிசத்திரம்
20-3-1951

பாக்கியத்துக்கு,

போன வெள்ளிக்கிழமை பகவதி வந்தா. அவ அப்பாதான் பஸ்ஸுல கூட்டிக்கிட்டு வந்திருக்காரு. வீட்டுக்குள்ள வரல, ரோட்டுலயே நின்னுக்கிட்டாரு.

ஒரு மணி நேரம் இருந்தா. தலை பின்னி விடட்டான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டா. "அந்தப் பையன் பேரு என்ன?"ன்னு கேட்டா. ஜெபமணின்னேன். "அவன் செத்துப்போனதுக்கு நீங்க ஏன் இங்கன வந்தீங்க?"ன்னா. நீங்கன்னுதான் சொல்லுதா, பாக்கியம். தோசை வாத்துக் குடுத்தேன். பாதிதான் தின்னா. போகும்போது வாசல்ல நின்னு என்னை ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டுப் போனா. இனிமே வருவாளான்னு தெரியாது.

நீ போய்ச் சொன்னதாலதான் அவ வந்தா. அதை நான் இல்லைன்னு சொல்லமாட்டேன். ஜெபமணியும் எங் கையில கெடந்த பிள்ளைதான். அவனுக்காக நீ நல்லா அழு.

ஆனா இனிமே எழுதாதே. கோவத்துல சொல்லல. உன் எழுத்தைப் பாத்தா எட்டு வருஷமும் திரும்பி வருது. உங்க கர்த்தர் உன்னை விடுதலையாக்கிட்டாருன்னு எழுதியிருக்கே. நானும் உன்னை விட்டுட்டேன். நீ என்னை விட்டுரு, பாக்கியம்.

சங்கரம்மாள்