மலையில் நின்ற இரண்டு நாட்களை வரவில் சேர்க்கக் கோருதல்

அனுப்புநர்:
அ. வீரம்மா, கொழுந்து பறிக்கும் தொழிலாளி,
6ஆம் இலக்க லயம், நடுக்கணக்குப் பிரிவு, லிந்துலை.

பெறுநர்:
பீடாதிபதி அவர்கள், மருத்துவ பீடம்.

விடயம்: மாணவி சுலக்ஷனாவுக்கு வரவு இடாப்பில் இட்ட இரண்டு நாள் 'வரவில்லை' குறியை நீக்குதல்

பெருமதிப்பிற்குரிய பீடாதிபதி ஐயா அவர்களுக்கு,

1. கடந்த மாசி மாதம் தங்கள் மாணவர்கள் எட்டுப் பேர் சமுதாய மருத்துவப் பயிற்சிக்காக எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். எட்டுப் பேரும் தங்கமான பிள்ளைகள். எங்களை உட்காரவைத்துப் பேசினார்கள்.

2. பிழை எங்களுடையது. டாக்டரைப் பார்க்கப் போவதென்றால் நாங்கள் குளித்து, நல்ல சேலை கட்டி, தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவோம். கேட்டால், "நல்லா இருக்கோம் மிஸ்" என்போம். எழுதுவதற்கு அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

3. சுலக்ஷனா மட்டும் அதை நம்பவில்லை. மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் ஆறரைப் பெரட்டுக்கே வந்து, எங்களோடு மலை ஏறினார். பத்து மணிக்கு ஒதுங்க இடம் தேடினார். மலையில் ஏது இடம்? தவித்துப்போய் எங்களைக் கேட்டார். "வீடு போற வரைக்கும் நாங்க தண்ணியே குடிக்க மாட்டோம் மிஸ்" என்றோம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

4. இரண்டாம் நாளும் மலைக்குச் சிறு போத்தல்களோடு வந்து, இருபத்திரண்டு பேரிடம் சிறுநீர் வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒன்பது பேருக்குக் கிருமி இருந்தது. ஒரு வருடமாகக் காய்ச்சலுக்குப் பனடோல் விழுங்கிக்கொண்டிருந்த எனக்குச் சிறுநீரகம் வரை போயிருந்தது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்துக் காப்பாற்றினார்கள். இன்னும் பிந்தியிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் பெரிய டாக்டர்.

5. அந்த இரண்டு நாளும் அவர் டிஸ்பென்சரியில் கையொப்பமிடாததால் பயிற்சியை மறுபடி செய்ய வேண்டும் என்றும், கூடப் படித்தவர்களோடு டாக்டராக முடியாது என்றும் அறிகிறோம். அவர் எங்களிடம் வாய் திறக்கவில்லை, மற்ற மாணவிகள்தான் சொன்னார்கள். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அனுமதி கேட்காமல் வந்தது தவறுதான் ஐயா. ஆனால் அன்று அவர் அனுமதிக்காகக் காத்திருந்தால் இந்த மனுவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

6. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான், டாக்டருக்குப் படிப்பிக்கும் முறை எனக்குத் தெரியாது. இப்படி ஒரு பிள்ளையை உருவாக்கிய தங்கள் பீடத்தைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

7. எங்கள் கணக்கப்பிள்ளை வீரய்யா பிடிவாதக்காரர். மலையில் நிற்பது யாராக இருந்தாலும் பெயர் எழுதி, கொழுந்தை நிறுக்காமல் விடமாட்டார். அந்தப் பக்கங்களின் நகலை இணைத்துள்ளேன். 'வரவில்லை' என்று தாங்கள் குறித்த அதே இரண்டு திகதிகளில் சுலக்ஷனாவின் பெயர் இருக்கிறது: முதல் நாள் இரண்டு கிலோ, மறுநாள் மூன்றரை. முற்றல் இலையைக் கழித்த பிறகு நிறுத்தது ஐயா.

இதையே அவருடைய வரவாக ஏற்று, தோழர்களோடு அவரையும் டாக்டராக்கி அனுப்புமாறு மன்றாடிக் கேட்கிறேன்.

இடம்: லிந்துலை
திகதி: 12.05.2025

இப்படிக்கு,
அ. வீரம்மா
(மற்ற இருபத்தொரு பேரின் கையொப்பங்கள் பின்பக்கத்தில்)